அக்கரப்பத்தனை மக்களின் சிம் தெரிவு: ஒரு பன்முக நோக்கு

முகவுரை

போன வருஷம் மாசி மாதத்தில் ஓர் ஆய்வாளர் எங்கள் லயத்துக்கு வந்தார். கையில் 42 கேள்விகள் அடங்கிய வினாக்கொத்து, காலில் வெள்ளைச் சப்பாத்து. திரும்பிப் போகும்போது சப்பாத்து வெள்ளையாக இல்லை. பதினேழாவது கேள்வி இப்படி இருந்தது: "தாங்கள் கையடக்கத் தொலைபேசிச் சேவை வழங்குநரைத் தெரிவு செய்தமையில் செல்வாக்குச் செலுத்திய காரணிகளை முன்னுரிமை ஒழுங்கில் வரிசைப்படுத்துக. அ. சேவைப் பரப்பெல்லை. ஆ. கட்டணம். இ. அணுகல்."

பக்கத்துக் காம்பரா அம்மாயி என்னைப் பார்த்தார். "என்னா கேக்குறாரு மாஸ்டர்?"

"என்னா சிம்மு போட்டிருக்கீங்க, ஏன் போட்டீங்கன்னு கேக்குறாரு அம்மாயி."

"சின்னவ போட்டுக் குடுத்தா. அதான் கெடக்கு."

ஆய்வாளர் பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்தார். பிறகு 'இ' என்ற பெட்டிக்குள் சரி போட்டார். அந்தக் கட்டுரை பின்னர் ஓர் ஆய்விதழில் வெளிவந்தது. அதில் அம்மாயி ஒரு சதவீதத்தின் பகுதியாகியிருந்தார்.

தோட்டப் பாடசாலை ஆசிரியன் என்ற முறையில் நான் ஒரு பக்கத்தில் மறுப்பு எழுதி அதே இதழுக்கு அனுப்பினேன். மூன்று மாதம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். "கோட்பாட்டுச் சட்டகம் இல்லை; சான்றாதாரங்கள் போதா; மொழி விளங்குகிறது" என்று காரணம் எழுதியிருந்தார்கள். மூன்றாவது காரணம் நான் சேர்த்தது. முதல் இரண்டும் உண்மை. ஆகவே அந்த ஒரு பக்கத்தைச் சட்டகத்தில் மாட்டி, சான்று பூசி, இங்கே மீண்டும் தருகிறேன்.

இயல் 1: சொல்லாராய்ச்சி

தமிழில் ஆய்வு என்றால் முதல் வேலை ஒரு சொல்லைப் பிடித்து இரண்டாக உடைப்பது. உடைந்த இரண்டு பாதியும் தமிழாகவே இருக்க வேண்டும்; ஒன்று வேறு மொழியாக இருந்தால் உடைத்தது சரியில்லை என்று பொருள், மறுபடியும் உடைக்க வேண்டும்.

அக்கரப்பத்தனை. 'பத்தன' என்றால் சிங்களத்தில் மலைப் புல்வெளி. கொட்டகலைக்குப் பக்கத்தில் வெறும் 'பத்தனை' என்றே ஓர் ஊர் இருக்கிறது. ஊருக்குள் ஓடுவது ஆக்ரா ஓயா. இவ்வளவும் யாருக்கும் தெரிந்தது, எனவே ஆய்வுக்கு உதவாது. யான் உடைப்பது இவ்வாறு: அக்கரை + பத்தனை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்பது பழமொழி. இக்கரையில் நின்று போனைப் பார்த்தால் ஒரு கோடும் இல்லை; ஓயாவுக்கு அக்கரையில் நிற்பவன் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனிடம் கேட்டால் நாம் நின்ற இடத்தில்தான் நல்ல சிக்னல் என்பான் (கடை வாங்கு, இடப்பக்கம்). ஊருக்குப் பெயர் வைத்த முன்னோர் செல்பேசியை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள் என்பது இதனால் பெறப்படும். பெறப்படாது என்பவர்கள் வேறு வாங்கில் உட்காரலாம்.

இயல் 2: கோட்பாட்டுச் சட்டகம்

இரண்டாவது வேலை, எடுத்த பொருள் எதுவானாலும் அது தொல்காப்பியத்திலேயே இருக்கிறது என்று நிறுவுவது. சிலருக்கு இது ஒரு வாழ்நாளை விழுங்கியிருக்கிறது. எனக்கு ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம் பிடித்தது.

திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும். குறிஞ்சியின் நிலம் மலையும் மலைசார்ந்த இடமும். கடல் மட்டத்திலிருந்து 2,524 மீட்டர் உயர்ந்து நிற்கும் பீதுருதாலகால எங்கள் நுவரெலியா மாவட்டத்தில்தான் இருக்கிறது என்பதால் நிலம் பற்றி வாதமில்லை. குறிஞ்சியின் பெரும்பொழுது கூதிரும் முன்பனியும். சிறுபொழுது யாமம், அதாவது நடுச்சாமம். இப்போது டேட்டா பெகேஜ்களை எடுத்துப் பாருங்கள். பகலுக்கு இவ்வளவு, இரவுக்கு இவ்வளவு என்று கூறுபோட்டு, இரவுக் கூறைச் சரியாகப் பன்னிரண்டு மணிக்குத் திறந்துவிடுகிறார்கள். யாமத்துக்கும் டேட்டாவுக்கும் உள்ள உறவைச் சேவை நிறுவனங்கள் எங்கிருந்து கற்றன? கொழும்பில் கண்ணாடிக் கட்டடத்தில் யாரோ ஒருவர் பொருளதிகாரம் படித்துக்கொண்டிருக்கிறார் என்பதைத் தவிர வேறு விளக்கமில்லை.

குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். இக்காலத்தில் 'கனெக்ஷன்' என்பர். முல்லைக்கு இருத்தல்: கோல் வரும் வரும் என்று காத்திருப்பது. மருதத்துக்கு ஊடல்: வந்த கோலை எடுக்காமல் இருப்பது. நெய்தலுக்கு இரங்கல்: ரீலோட் போட்ட மறுநிமிஷம் கேட்காத சேவை ஒன்றுக்குக் காசு வெட்டப்படுவது. பாலைக்குத் தனி நிலம் இல்லை, மற்ற நிலம் வறண்டால் பாலை என்பார்கள்; எங்கள் ஊரில் பெட்டரி வறண்டால் பாலை.

சட்டகம் முடிந்தது. இனி அதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எல்லா ஆய்வேட்டிலும் அப்படித்தான்.

இயல் 3: கட்டணம்

மாதம் பத்தாம் திகதிச் சம்பளத்துக்கு முன், பத்தாம் திகதிச் சம்பளத்துக்குப் பின் என இருவகைப்படும்.

இயல் 4: சேவைப் பரப்பெல்லை

மக்கள் வழக்கில் இதற்குக் 'கவரேஜ்' என்று பெயர். நிலவும் இடத்தை வைத்து இதனைப் பகுக்கலாம்.

பீலிக்கரைச் சிக்னல்: தண்ணீர் பிடிக்கும்போது மட்டும் வரும், இரண்டு கையிலும் குடம் இருப்பதால் பயனில்லை (பீலிக்கரை, காலை 6.10, குடம் நிரம்பும்வரை).

இஸ்தோப்புச் சிக்னல்: நம் வீட்டு இஸ்தோப்பில் வராது, பக்கத்து வீட்டு இஸ்தோப்பில் வரும். சண்டைக்குரியது.

காம்பராச் சிக்னல்: சான்று கிடைக்கவில்லை.

கல் சிக்னல்: இதுவே இந்த ஆய்வின் உயிர். சற்றே விரிவாகப் பார்ப்போம்.

எங்கள் மேப்பிரிவில், முருகன் கோயிலுக்குப் பின்னால், தேயிலை முடிந்து சவுக்கு மரங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு பாறை இருக்கிறது. யானை படுத்ததுபோல் இருக்கும். அதற்கு முன்பு பெயர் கிடையாது. இப்போது 'டவர் கல்லு'. அதன்மேல் டவர் எதுவும் இல்லை. எதிர் மலையில் இருக்கும் டவர் அங்கிருந்து பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். டவரைக் கண்ணால் கண்டால் போனும் காணும் என்பது எங்கள் ஊர் விஞ்ஞானம், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கிறது. பழைய ஜிஎஸ்எம் அலை 900 மெகாஹேர்ட்ஸில் ஓடும்போது அதன் நீளம் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரைச் சாண். 1800இல் முக்கால் சாண். நீண்ட அலை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். குட்டை அலை மலை முகட்டில் முட்டி நின்றுவிடும். ஜிஎஸ்எம் முறையில் ஒரு டவரிலிருந்து 35 கிலோமீட்டர் வரை பேச முடியும் என்று நூல்கள் சொல்கின்றன. சமதரையில் முடியுமாயிருக்கும். எங்களுக்கு டவர் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் நடுவில் ஒரு மலை இருக்கிறது. அந்த மலையை எந்தப் பெகேஜிலும் சேர்த்துச் சொல்வதில்லை.

மூடுபனி சிக்னலைத் தின்றுவிடும் என்றொரு கருத்து நிலவுகிறது (மேற்குறித்த வாங்கு, வலப்பக்கம்). தவறு. ஒன்றரைச் சாண் அலைக்குப் பனித்துளி ஒரு பொருட்டே அல்ல. பனி தின்பது டவரைப் பார்க்கும் நம் கண்ணை. டவர் தெரியாதபோது ஆள் நம்பிக்கை இழந்து கீழே இறங்கிவிடுகிறான். சிக்னல் கல்லிலேயே நிற்கிறது. உயரப் போனால் சிக்னல் கூடும் என்பதும் அப்படியே. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கமாக ஏற ஏறக் கூடுவது குளிர்தான்.

கல்லுக்குத் திரும்புவோம். கல்லில் மூன்று இடங்கள் உள்ளன. இடது முனையில் ஒரு நிறுவனம் கேட்கும். நடுவில் குழிந்த இடத்தில் இன்னொன்று. மூன்றாவது நிறுவனத்துக்குக் கல்லின் வலது விளிம்பில் ஒற்றைக் காலை ஊன்றி, மற்றக் காலைச் சவுக்கு மரத்து அடியில் வைத்து, கழுத்தைக் கோயில் பக்கம் திருப்ப வேண்டும். இந்த நிலைக்குக் 'கொக்கு நிலை' என்று பெயரிடுகிறேன். மூன்றாவது நிறுவனத்தை வைத்திருப்பவர்களைத் தெருவில் கண்டாலே சொல்லிவிடலாம், கழுத்து ஒரு பக்கமாகவே இருக்கும். அந்த நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் குறைவு. சேவைக் குறைபாடு அதற்குக் காரணமல்ல, காலில் ஏறும் அட்டைதான். ஒற்றைக் காலில் நிற்பவன் குனிந்து அட்டையைப் பிடுங்க முடியாது. "ஹலோ... ஹலோ... நீ சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே அட்டை சாப்பிட்டு முடித்துவிடும்.

கல்லின் நடைமுறைச் சட்டம் எழுதப்படாதது. முதலில் வந்தவர் முதலில் பேசலாம். வெளிநாட்டுக் கோல் வந்தால் உள்நாட்டுக் கோல் ஒதுங்க வேண்டும். குவைத்தில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு மேடம் தரும் நேரம் பத்து நிமிஷம், அதற்குள் இங்கே மூன்று பிள்ளைகளும் ஐஎம்ஓவில் முகம் காட்டியாக வேண்டும். கொழும்பில் கடைக்கு நிற்கும் பையன்களின் கோலுக்கு அடுத்த இடம். காதலுக்குக் கடைசி இடம், ஆனால் மிக நீண்ட நேரம். கல்லில் பேசுவது எதுவும் இரகசியம் அல்ல. அனைவரும் கோயில் மணியைப் பார்த்தபடி நிற்பார்கள், அனைவருக்கும் காது கேட்கும். யாருக்குச் சம்பளத்தில் எவ்வளவு பிடித்தார்கள், யார் மகள் யாருடன் பேசுகிறாள், எந்த மருமகள் கொழும்புக்கு வரவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், எல்லாம் காலையில் பேர் பதியும் முன்பே கொழுந்து மடுவத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். இந்த வகையில் கல்லின் பரப்பெல்லை எந்த நிறுவனத்தின் பரப்பெல்லையையும் விட அகலமானது.

இது தொடர்பில் மூலபாடச் சிக்கல் ஒன்று உண்டு. கல்லில் முதன்முதலில் சிக்னல் கண்டவர் யார்? தாமே என்கிறார் அம்மாயி. ஆடு மேய்க்கப் போனபோது இடுப்பில் செருகியிருந்த போன் தானாக அடித்ததாம் (அம்மாயி, அடுப்படிப் பதிப்பு). அவருக்கு ஆடே இருந்ததில்லை என்கிறார் மருமகள் (அம்மாயி, திருத்திய பதிப்பு, மருமகள் முன்னிலையில்). மூன்றாம் பதிப்பில் ஆடு பசுவாகிறது, நான்காம் பதிப்பில் அம்மாயியே இல்லை, அவருடைய காலஞ்சென்ற கணவர் கனவில் வந்து கல்லைக் காட்டுகிறார் (அம்மாயி, மழைக்காலச் சிறப்புப் பதிப்பு, கரண்ட் போன இரவு, மெழுகுதிரி வெளிச்சத்தில், ஓரங்களில் புகை படிந்தது). நான்கு பதிப்புகளையும் ஒப்புநோக்கிய மூத்த பேரன் போனிலிருந்து கண் எடுக்காமல் 'ம்' என்றான். இந்த 'ம்' உடன்பாடா, எதிர்மறையா, வெறும் அசைநிலையா என்பதில் கருத்து வேறுபாடு நிலவுகிறது. அசைநிலை என்போர் இடது முனையினர். உடன்பாடு என்போர் நடுக்குழியினர். கொக்கு நிலையினர் கழுத்தைத் திருப்ப முடியாததால் கருத்துச் சொல்லவில்லை. நான் மூன்று தரப்பையும் மறுத்து, அவன் வேறு யாருக்கோ 'ம்' சொன்னான் என்று துணிகிறேன். அன்று மாலை அதே பையன் கல்லில் கடைசி ஆளாக நின்றதே சான்று.

யாமத்து டேட்டாவைப் பயன்படுத்தப் பன்னிரண்டு மணிக்குக் கல்லுக்குப் போன இரு இளைஞர்கள் சவுக்கு மரத்தடியில் புலியைப் பார்த்தார்கள். சிறுத்தை என்று திருத்துவார்கள் விலங்கியலாளர். ஓடும்போது அந்த வேறுபாடு தோன்றாது. குறிஞ்சியின் கருப்பொருள்களில் புலி இருப்பதை மேலே உள்ள சட்டகத்தில் சேர்க்க மறந்துவிட்டேன். பார்த்தீர்களா, சட்டகத்துக்கு ஒரு முறை வேலை வந்துவிட்டது.

இன்னொன்றையும் கல்லின் கணக்கில் எழுதவேண்டும். 2020 பங்குனியில் கொரோனாவால் பாடசாலைகளை மூடியபோது, பாடம் இனிப் போனில் என்றார்கள். என் வகுப்பில் பதினொரு பிள்ளைகளுக்கு ஒரு போன் என்ற கணக்கு. கல்லின் நடுக்குழியில் படங்கைக் கூரையாகக் கட்டி, நான் நோட்ஸைப் படம் பிடித்து அனுப்ப, அது என்னிடமிருந்து ஆறடி தள்ளி உட்கார்ந்திருந்த பிள்ளையின் போனுக்குக் கொழும்பு வழியாகப் போய் வந்தது. ஆறாம் நாள் நோட்ஸைக் கையிலேயே கொடுத்துவிட்டேன். இந்த முறையில் வேகம் அதிகம், டேட்டா செலவில்லை. இதனைத் தொலைக்கல்வி என்று அறிக்கையில் எழுதினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது நிலைமை இன்னும் எளிதானது. எங்கள் ஆக்ரா ஓயாத் தண்ணீர் கொத்மலை ஓயாவில் சேர்ந்து, தலவாக்கலையில் அணையில் நின்று, 150 மெகாவாட் மேல்கொத்மலை நிலையத்தின் சக்கரங்களைச் சுற்றிவிட்டுப் போகிறது. அந்தக் கரண்ட் எங்களைக் கடந்து போய்விட்டது. டவருக்கும் பெட்டரி உண்டு, அதற்கும் ஓர் எல்லை உண்டு. டவர் அணைந்த பிறகு இடது முனையும் நடுக்குழியும் கொக்கு நிலையும் ஒன்றாகிவிட்டன. எந்தச் சிம் நல்லது என்ற விவாதம் இல்லாமல் கழிந்தது அந்த மாதம் ஒன்றுதான்.

இயல் 5: வம்சாவளி

கல்வெட்டு அறிஞர்களைப்போல் நிறுவனங்களின் வம்சாவளியையும் சொல்லியாக வேண்டும். 1989இல் செல்டெல் வந்தது. தெற்காசியாவிலேயே முதல் செல்பேசிச் சேவை என்று பெயர். அப்போது எங்கள் தோட்டத்தில் இருந்த ஒரே தொலைபேசி துரை பங்களாவில் இருந்தது, அதைத் துடைக்கும் உரிமை மட்டும் என் சித்தப்பாவுக்கு இருந்தது. 1993இல் மொபிடெல். 1995இல் டயலொக், ஜிஎஸ்எம்முடன். 2009இல் எயார்டெல். செல்டெல் 2007இல் டிகோ ஆகி, 2010இல் எடிசலாட் ஆகி, 2018இல் ஹட்சுடன் கலந்தது. 2024இல் எயார்டெல் டயலொக்குடன் சேர்ந்தது. ஆக இன்று மிஞ்சியவை மூன்று.

சித்தப்பாவின் எண் 072இல் தொடங்கும். அவர் அதை ஒரு தடவைகூட மாற்றியதில்லை. மாறியதெல்லாம் மேலே இருந்த பெயர். செல்டெல் வாடிக்கையாளராகப் படுத்து டிகோ வாடிக்கையாளராக எழுந்தார், அப்புறம் எடிசலாட், அப்புறம் ஹட்ச். அவர் வியக்கவில்லை. தோட்டமும் அப்படித்தான்: வெள்ளைக்காரக் கம்பனி, 1975இல் அரசாங்கம், 1992இல் பிராந்தியக் கம்பனிகள். பலகையில் எழுத்து மாறும்போதெல்லாம் அவர் அதே லயத்தில் அதே காம்பராவில் இருந்தார். "யாரா இருந்தாலும் சரி, பீலிக்குத் தண்ணி வந்தா சரி" என்பார் (சித்தப்பா, முழு நூலும்).

தெரிவு என்று ஆய்வாளர்கள் சொல்வது எதை என்று இந்த இடத்தில் எனக்கு ஐயம் வந்தது. இயலைச் சீக்கிரம் முடிக்கிறேன்.

இயல் 6: அணுகல்

அணுகலை மேலை அறிஞர் பலவாறு வரையறுப்பர். அவர்களை நான் வாசிக்கவில்லை. வாசித்தவரின் முன்னுரையைப் பார்த்தவரிடம் கேட்டேன். இதற்கு 'இரண்டாம் நிலைத் தரவு' என்று பெயர்.

சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குக் குடியுரிமை வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தோடு குடியுரிமை எங்கள் கையை விட்டுப் போனது. மிச்சமிருந்தவர்களுக்குத் திரும்பி வர 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை ஆனது. நாட்டில் செல்பேசி வந்து பதினாலு வருஷம் கழித்து. அம்மாயி முதன்முதலில் பேசிய போன் வேறொருவர் பெயரில் இருந்ததற்கு அவர் சோம்பல் காரணமல்ல.

அடுத்தது முகவரி. லயத்துக் காம்பராவுக்குத் தெருப் பெயர் இல்லை, இலக்கம் என்றால் சுவரில் சுண்ணாம்பில் எழுதியது, மழைக்கு அழிந்துவிடும். கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். தப்பால்காரர் நினைவு வைத்துக் கொடுத்தால் உண்டு. ஒருமுறை ஒரு சேவை நிறுவனத்தின் உதவி இலக்கத்துக்கு அழைத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். சங்கீதம் கேட்டது. நான் கல்லின் இடது முனையில் நின்றபடி இருபது நிமிஷம் சங்கீதம் கேட்டேன். எனக்குப் பின்னால் குவைத் கோல் ஒன்று காத்திருந்தது. பிறகு ஒரு தம்பி வந்தார்.

"உங்க அட்ரஸ் சொல்லுங்க சேர்."

"கிளாஸ்கோ."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சேர், வெளிநாட்டில் இருந்தா ரோமிங் வேற பிரிவு. மாத்திவிடுறேன்."

"தம்பி, கிளாஸ்கோ தோட்டம். அக்கரப்பத்தனை."

அதற்குள் மாற்றிவிட்டார். ரோமிங் பிரிவிலும் சங்கீதம் அதே சங்கீதம்தான். துரைமார் தங்கள் ஊர் நினைவுக்கு மலைகளுக்கு வைத்த பெயர்கள்: கிளாஸ்கோ, பெல்மோரல், வேவர்லி, டொரிங்டன். நூற்றாண்டு கடந்தும் அவை எங்களை வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கின்றன.

இனி இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. ஒரு நிறுவனத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது எண்ணையும் கூடவே கொண்டுபோகும் முறை, இந்தியாவில் நாடு முழுவதும் 2011இல் வந்தது, நவீன காலத்தின் சாதனை என்று எழுதுகிறார்கள். நான் மறுக்கிறேன். அது மலையகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தது. அதன் பெயர் 'துண்டு'. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குத் தொழிலாளி போகவேண்டுமானால், அவன் பட்ட கடன் இவ்வளவு என்று எழுதிய துண்டு ஒன்று கங்காணி கையில் இருக்கும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் அழியாது, கூடவே வரும். எண் பெயர்வில் எண் பெயரும். துண்டு முறையில் கடன் பெயரும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள்.

ஒழித்துவிட்டார்கள் என்று நூல்களில் இருக்கிறது. ஆனால் ரீலோட் முடிந்தபின் கம்பனியிடம் 'லோன்' எடுக்கும் எங்கள் பையன்களைக் கவனித்துப் பாருங்கள். ஐம்பது ரூபா கேட்டால் தருவார்கள். அடுத்த ரீலோட்டில் ஐம்பதும் அதற்கு மேல் கொஞ்சமும் வெட்டிக்கொள்வார்கள். வெட்டியபின் மிச்சமில்லை, மறுபடியும் லோன். அந்தச் சிம்மைத் தூக்கி எறிந்து வேறு சிம் போடத்தான் நினைக்கிறான், ஆனால் சின்னம்மா, காதலி, கொழும்புக் கடை முதலாளி எல்லோரிடமும் இருப்பது அந்த எண். என் தாத்தாவின் துண்டைப் பெட்டியில் வைத்திருந்த பாட்டியிடம் இதைச் சொல்லியிருந்தால் அவருக்கு உடனே விளங்கியிருக்கும். எங்கள் வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கிய ஒருவரிடம் சொன்னேன்; சுவாரஸ்யமான ஒப்பீடு, யாராவது மேற்கோள் காட்டியிருக்கிறார்களா என்று கேட்டார். மலையகத்தைப் பற்றிப் பேசும் மாநாடுகளில் இடைவேளைத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சாயம் போதாது என்று சொல்பவர்களில் இவரும் ஒருவர்.

இயல் 7: முடிபு

பதினேழாம் கேள்விக்கு இப்போது விடை எழுதலாம். அம்மாயியின் சின்ன மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு இருக்கிறாள். அவள் போட்டிருக்கும் சிம் எதுவோ அதையே தாய்க்கும் வாங்கிக் கொடுத்தாள், ஒரே கம்பனிக்குள் பேசினால் காசு குறைவு என்று. கல்லில் அந்தக் கம்பனிக்கு இடது முனை. வந்த நாளிலிருந்து அம்மாயி இடது முனையில் நிற்கிறார். கொழும்பில் சின்னவளுக்கு வேறு கம்பனி பிடித்துப்போனால் அம்மாயி அடுத்த வாரமே ஒற்றைக் காலில் நிற்பார், அட்டை கடித்தாலும். சேவைப் பரப்பெல்லை, கட்டணம், அணுகல் மூன்றும் அவர் விடையில் இருக்கின்றன. வினாக்கொத்தில் விடுபட்டது நாலாவது பெட்டி. ஈ. சின்னவ.

அடுத்த முறை வினாக்கொத்து அச்சடிப்பவர்கள் இந்தப் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுப்புரை சொல்ல விரும்பும் அறிஞர்கள் பின்னேரம் ஐந்தரைக்கு மேல் அழைக்கலாம், கல்லில் இருப்பேன். ஆறு மணிக்கு மட்டும் எடுக்க வேண்டாம். அது சின்னவள் அழைக்கும் நேரம், இடது முனையில் ஒருவருக்குத்தான் இடம்.